லெவல் 1 ட்ராமா சென்டரில் சாவு ஏன் அதிகமாகத் தெரிகிறது?

எண்ணும் எழுத்தும் (கேள்வி)

விபத்துக் காயப் பதிவேடு ஒன்றின் தரவை அலசும் வேலை. மருத்துவமனைகளை லெவல் 1, 2, 3 என்று பிரித்து, சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் இறந்தார்கள் என்று எளிய அட்டவணை போட்டால் லெவல் 1 மோசமாகவும் லெவல் 3 நன்றாகவும் நிற்கிறது. எல்லா வசதியும் உள்ள இடத்தில் சாவு அதிகம், வசதி குறைந்த இடத்தில் சாவு குறைவு என்று அட்டவணை சொன்னால் கோளாறு அட்டவணையில்தான் என்பது தெரிகிறது. எந்த இடத்தில் என்பதுதான் பிடிபடவில்லை.

தெரிய வேண்டியவை: எதையெல்லாம் சரிக்கட்டிவிட்டு ஒப்பிட வேண்டும்? சரிக்கட்டிய பிறகு லெவலால் கிடைக்கும் பலன் எவ்வளவு? அந்தப் பலன் எதிலிருந்து வருகிறது: ஆளா, கருவியா, ரத்தமா? கடைசியாக, பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டி தூரத்தில் உள்ள பெரிய இடத்துக்குப் போவது எப்போது சரி?

---

பதிவேட்டுக்காரன்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ட்ராமாவில் லெவல் 1-தான் உச்சம். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் லெவல் 3, லெவல் 1-க்கு மேல். இரண்டையும் ஒரே கோப்பில் வைத்துக் கலக்கியவர்கள் உண்டு. இங்கிலாந்தில் எண்ணே கிடையாது. 2010-இல் லண்டனிலும் 2012-இல் நாடு முழுவதும் கொண்டுவந்த அமைப்பில் 'மேஜர் ட்ராமா சென்டர்', 'ட்ராமா யூனிட்' என்றுதான் பிரிப்பார்கள். நம் தேசிய நெடுஞ்சாலை ட்ராமா திட்டத்தில் லெவல் 4 என்பது கட்டடமே இல்லை, கருவி பொருத்திய ஆம்புலன்ஸ். வெளிநாட்டு ஆய்வின் 'லெவல் 3'-ஐ நம் ஊர் லெவல் 3-க்கு நேராகப் பொருத்திவிடாதீர்கள்.

இனி அட்டவணை. உங்கள் லெவல் 3 வரிசையில் மணிக்கட்டு முறிந்தவர்களும் ஒருநாள் கண்காணிப்பில் இருந்து வீட்டுக்குப் போனவர்களும் நிரம்பியிருப்பார்கள். மிக மோசமானவர்களை அந்த ஆஸ்பத்திரியே மேலே அனுப்பிவிடும். அவர்கள் மேலே போய் இறந்தால் அது லெவல் 1-இன் கணக்கு. ஆகவே காயத்தின் கனத்தைச் சரிக்கட்டாமல் ஒப்பிடவே கூடாது.

கனத்துக்கு வழக்கமான அளவுகோல் ஐ.எஸ்.எஸ். (காயக் கன மதிப்பெண்). ஒவ்வொரு காயத்துக்கும் ஏ.ஐ.எஸ். என்ற காய அகராதிப்படி 1 முதல் 6 வரை மதிப்பு. உடலை ஆறு பகுதியாகப் பிரித்து, மோசமான மூன்று பகுதிகளில் பகுதிக்கு ஒரே ஒரு உச்ச மதிப்பை எடுத்து, வர்க்கம் செய்து கூட்ட வேண்டும். தலை 4, மார்பு 3, தொடை எலும்பு 3 என்றால் 16 + 9 + 9 = 34. எங்காவது 6 இருந்தால் கணக்குப் போடாமல் நேரே 75. பொதுவாக 15-க்கு மேல் போனால் 'கடும் காயம்'.

இதில் ஒரு ஓட்டை. தலைக்குள் 4 மதிப்புள்ள காயம் இரண்டு இருந்தாலும் பகுதி ஒன்றுதான் என்பதால் ஐ.எஸ்.எஸ். 16-லேயே நின்றுவிடும். பகுதி பார்க்காமல் மோசமான மூன்றை எடுக்கும் நிஸ் முறையில் அதே ஆளுக்கு 32. தலைக்காயம் அதிகம் வரும் பதிவேட்டில் நிஸ் மதிப்பையும் சேர்த்து எடுங்கள். இருசக்கர வாகன விபத்துகள் நிறைந்த நம் தரவுக்கு இது ரொம்பவே பொருந்தும்.

கனத்துடன் வயது, வந்து சேர்ந்தபோதிருந்த ரத்த அழுத்தம், ஜி.சி.எஸ். (கண், பேச்சு, அசைவு மூன்றுக்கும் மதிப்பிட்டுக் கூட்டும் நினைவுநிலை அளவு), காயத்தின் வகை (மோதலா, குத்தா), கூடவே உள்ள நோய்கள் ஆகியவற்றையும் சரிக்கட்ட வேண்டும்.

அப்படிச் சரிக்கட்டிய ஆய்வுகளில் இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டுவது 2006-இல் எலன் மெக்கென்ஸி குழு வெளியிட்டது. அமெரிக்காவின் 14 மாநிலங்கள், 18 லெவல் 1 மையங்கள், ட்ராமா மையம் அல்லாத 51 மருத்துவமனைகள். சரிக்கட்டிய பின் மருத்துவமனைக்குள் இறப்பு லெவல் 1-இல் 7.6 சதவீதம், எதிர்ப்பக்கம் 9.5. ஒரு வருடத்துக்குள் இறப்பு 10.4, எதிர்ப்பக்கம் 13.8. அதாவது ஒரு வருடக் கணக்கில் ஏறத்தாழ 29 பேரை லெவல் 1-க்குக் கொண்டுபோனால் கூடுதலாக ஓர் உயிர். பலன் தெளிவாகத் தெரிந்தது 55 வயதுக்குக் கீழ், கனமான காயம் உள்ளவர்களிடம். முதியவர்களிடம் வித்தியாசம் மங்கலாகவே இருந்தது.

டிஸ்சார்ஜ் வரைக்குமான இடைவெளியைவிட ஒரு வருட இடைவெளி அகலமாக இருப்பதைக் கவனியுங்கள். உங்கள் கோப்பு டிஸ்சார்ஜோடு முடிந்துவிட்டால் பலனின் ஒரு பகுதி கண்ணிலேயே படாது.

---

சிவப்பு மண்டலம்

பலன் எங்கிருந்து வருகிறது என்ற மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பதில்: காத்திருக்கும் நேரம் குறைவதிலிருந்து. எம்.ஆர்.ஐ. இருக்கிறதா, எத்தனை மாடி என்பதெல்லாம் இங்கே இரண்டாம் பட்சம்.

அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் விதிகளைப் பாருங்கள். உச்ச எச்சரிக்கை கொடுத்த நோயாளிக்கு, அவர் வந்து சேர்ந்த 15 நிமிடத்துக்குள் ட்ராமா சர்ஜன் படுக்கைப் பக்கத்தில் நிற்க வேண்டும். இது லெவல் 1, 2 இரண்டுக்கும் பொது. லெவல் 3-க்கு 30 நிமிடம். குறைந்தது 80 சதவீத நோயாளிகளிலாவது இது நடந்ததற்குப் பதிவு வேண்டும். ஆபரேஷன் தியேட்டர் ஆட்களோடு தயாராவதற்கும் இதே 15, 30. ரத்தக்குழாய் வழியாகப் போய்க் கசிவை அடைக்கும் வசதி, கேட்டதிலிருந்து 60 நிமிடத்துக்குள்.

லெவல் 1-க்கும் 2-க்கும் சிகிச்சை விதிகளில் பெரிய இடைவெளி இல்லை. முக்கிய வித்தியாசம் பயிற்சி, ஆராய்ச்சி, எண்ணிக்கை: லெவல் 1 என்றால் வருடத்துக்கு 1,200 ட்ராமா சேர்க்கை, அல்லது ஐ.எஸ்.எஸ். 15-க்கு மேற்பட்டவர்கள் 240 பேர். அதனால்தான் 1-ஐயும் 2-ஐயும் ஒப்பிடும் ஆய்வுகள் ஆளுக்கொரு பக்கம் சாய்கின்றன. உங்கள் அலசலில் இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒருமுறை, பிரித்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

எண்ணிக்கைக்கும் அர்த்தம் உண்டு. 2001-இல் அமெரிக்கக் கல்வி மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், வருடத்துக்கு 650-க்கு மேல் கடும் காயம் பார்க்கும் மையங்களில் இறப்பு குறைந்தது. ஆனால் அதிர்ச்சி நிலையில் வந்த வயிற்றுக் குத்துக்காயம், மயக்கத்தில் வந்த பல உறுப்புக் காயம் ஆகியவற்றில்தான் அந்த வேறுபாடு. மற்றவர்களில் இல்லை. நல்லா இருப்பவனை எங்கே கொண்டுபோனாலும் பிழைப்பான். விளிம்பில் இருப்பவனுக்குத்தான் இடம் முக்கியம்.

ஒரு காட்சியாகப் பாருங்கள். மண்ணீரல் கிழிந்தவர், ரத்த அழுத்தம் 80, நாடி 130. நாடி எண் அழுத்தத்தைத் தாண்டிவிட்டாலே சிவப்பு (உச்ச அவசரம்) தான். வயிற்றில் அல்ட்ராசவுண்ட் வைத்தால் கறுப்பாகத் திரவம்.

ஆயத்தமான இடத்தில் ஆம்புலன்ஸ் வரும் முன்பே ரத்தப் பெட்டி படுக்கைப் பக்கம் வந்துவிடும். பொதுவாக ஒரு பெட்டியில் 6 சிவப்பணுப் பை, 6 பிளாஸ்மா, ஒரு அஃபெரிசிஸ் (ஒரே கொடையாளரிடம் எடுத்த) தட்டணுப் பை. அது இல்லையென்றால் 6 சாதா தட்டணுப் பை. ஒன்றுக்கு ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம் இதுதான். 12 லெவல் 1 மையங்கள், 680 நோயாளிகள் கொண்ட 2015 பரிசோதனையில், ஒட்டுமொத்த இறப்பில் நிரூபிக்கும் அளவுக்கு வித்தியாசம் வரவில்லை. ஆனால் முதல் 24 மணி நேரத்தில் ரத்தம் வடிந்தே இறந்தவர்கள் இந்த விகிதத்தில் 9.2 சதவீதம், சிவப்பணு இரட்டிப்பாகக் கொடுத்த பிரிவில் 14.6.

ஆயத்தம் இல்லாத இடத்தில் சறுக்குவது பெரும்பாலும் பிளாஸ்மாவில். உறைந்த பை உருகவே 20 முதல் 30 நிமிடம். கேட்ட பிறகு உருக்க ஆரம்பித்தால் அதுவரை சிவப்பணுவும் சலைனும் மட்டுமே ஓடும். பெரிய மையங்கள் உருக்கிய பிளாஸ்மாவை 1 முதல் 6 டிகிரியில் 5 நாள் வரை கையிருப்பில் வைத்துக்கொள்கின்றன. நோயாளி அதிகம் வந்தால்தான் அந்தக் கையிருப்பு வீணாகாமல் சுழலும். எண்ணிக்கை உயிரைக் காப்பாற்றும் வழிகளில் இதுவும் ஒன்று. பிளட் பேங்க் டெக்னீசியனைக் கேட்டால் உடனே சொல்வார்.

அடுத்தது கால்சியம். ரத்தம் உறையாமலிருக்கப் பையில் சேர்த்துள்ள சிட்ரேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும், உறைதல் கெடும், இதயம் சோரும். ஏறத்தாழ நாலு பைக்கு ஒருமுறை 10 சதவீத கால்சியம் குளோரைடு 10 மில்லி. குளுக்கோனேட் மட்டும் இருந்தால் 30 மில்லி. ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் 1 கிராம் 10 நிமிடத்தில், பிறகு 1 கிராம் 8 மணி நேரத்தில். காயம்பட்டு 3 மணி நேரத்துக்குள் மட்டும். 20,000-க்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த கிராஷ்-2 பரிசோதனையில், 3 மணிக்குப் பின் போட்டவர்களிடம் ரத்தக்கசிவுச் சாவு கூடியது. 'லேட்டானாலும் போட்டு வைப்போம்' என்ற பழக்கம் இங்கே ஆகாது.

---

எண்ணும் எழுத்தும்

ரத்தப் பெட்டி விஷயம் யோசிக்கவே இல்லை, நன்றி டாக்டர். அப்படியானால் நேரே பெரிய இடத்துக்கே கொண்டுபோவதுதானே சரி? 20 நிமிடத்தில் தாலுகா ஆஸ்பத்திரி, 50 நிமிடத்தில் மெடிக்கல் காலேஜ் என்றால் ஆம்புலன்ஸில் இருப்பவர் எதைப் பார்த்து முடிவெடுப்பார்?

---

ஆம்புலன்ஸ் தடம்

அளவு, தோற்றம், அதன் பிறகு சந்தேகம் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். 2021-இல் திருத்திய அமெரிக்கக் கள வகைப்படுத்தலில் சிவப்புக்கான அளவுகள்: சொன்னதைச் செய்யாதவர் (ஜி.சி.எஸ். மோட்டார், அதாவது அசைவு மதிப்பு, 6-க்குக் கீழ்), மூச்சு நிமிடத்துக்கு 10-க்குக் கீழ் அல்லது 29-க்கு மேல், வெளிக்காற்றில் ஆக்சிஜன் 90 சதவீதத்துக்குக் கீழ், மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழ், அல்லது நாடி அழுத்தத்தைத் தாண்டுவது. 65 வயதானால் அழுத்த எல்லை 90 இல்லை, 110. பிபி மாத்திரை போடுகிற பெரியவருக்கு 105 என்பது வீழ்ச்சிதான்.

தோற்றத்தில்: தலை, கழுத்து, நெஞ்சு, வயிற்றில் குத்து, மண்டை ஓட்டில் பள்ளம், மூச்சுக்கு எதிராக ஆடும் நெஞ்சுச் சுவர், இடுப்பு எலும்பு முறிவுச் சந்தேகம், தொடை, மேல்கை எலும்புகளில் இரண்டு, புதிதாகக் கை கால் வராமை, மணிக்கட்டு அல்லது கணுக்காலுக்கு மேல் துண்டிப்பு, டூர்னிக்கே (ரத்தத்தை நிறுத்தக் கை காலில் போடும் இறுக்கக் கட்டு) போடும் அளவுக்கு ரத்தம். இவற்றில் ஒன்று இருந்தாலும் அமைப்புக்குள் உள்ள உயர்ந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் நிறுத்தியே ஆக வேண்டிய நேரம் சிலவே. மூச்சுப் பாதையைக் கையால் காக்க முடியவில்லை. அழுத்தியும் கட்டியும் ரத்தம் நிற்கவில்லை. நெஞ்சில் காற்று அடைத்து அழுத்தம் சரிகிறது, ஊசி போடவும் வழியில்லை. நாடி நின்றுவிட்டது. மற்றபடி 'முதலில் இங்கே ஒரு பார்வை பார்க்கட்டும்' என்று இறக்கினால், ஸ்ட்ரெச்சர் மாற்றி, சீட்டுப் போட்டு, மறுபடி வண்டி கூப்பிட்டு ஏற்றுவதற்குள் அந்த 30 நிமிட லாபம் போய் ஒரு மணி நேர நட்டம் வந்துவிடும்.

வண்டியில் அடிக்கடி தப்பாகப் போவது இடுப்புக் கட்டு. பெல்ட் மாதிரி இடுப்பு எலும்பின் மேல் விளிம்பில் கட்டினால் முறிவு இன்னும் திறக்கும். கட்டு உட்கார வேண்டியது தொடை எலும்பின் பக்கவாட்டு முண்டு உயரத்தில். பேன்ட் பாக்கெட் வாய்க்குச் சற்றுக் கீழே என்று வைத்துக்கொள்ளலாம். கட்டு இல்லையா, வேட்டி அல்லது பெட்ஷீட்டை மடித்து அதே உயரத்தில் இறுக்கி, முழங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டுங்கள். டூர்னிக்கே காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் அல்ல. போட்ட நேரத்தை மார்க்கரால் தோலிலேயே எழுதுங்கள்.

முன்னறிவிப்பு ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும்: எப்படி அடிபட்டது, எங்கெங்கே காயம், அளவுகள் என்ன, என்ன செய்தாயிற்று, எத்தனை நிமிடத்தில் வருகிறோம். அந்த ரத்தப் பெட்டி படுக்கைக்கு முன்னே வருவது இந்தப் போனால்தான்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு: 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் (டிசம்பர் 2021 முதல்) சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு, அட்டவணையில் உள்ள தனியார் மருத்துவமனையிலும், வகுத்த உச்சவரம்பு வரை பணம் கட்ட வேண்டாம். எந்த ஊர்க்காரர், காப்பீட்டு அட்டை உண்டா என்று பார்க்க மாட்டார்கள். காசுக்காக இடம் மாற்றுவது முதல் இரண்டு நாளில் தேவையில்லை. பொறுப்பாகக் கொண்டுவந்து சேர்த்தவரைச் சிவில், கிரிமினல் வழக்கிலிருந்து மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 134ஏ காக்கிறது. பெயர் சொல்லும்படிக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

---

தாலுகா டியூட்டி

மேலே எல்லோரும் பெரிய இடத்தைப் பற்றியே பேசிவிட்டார்கள். தாலுகா ஆஸ்பத்திரிக்குத் தானாகவே வந்து சேருபவர்கள் நிறைய பேர். ஆட்டோவில், டாடா ஏஸில், இரண்டு பேர் நடுவில் உட்காரவைத்த பைக்கில். அவர்களுக்கு லெவல் 1 பலன் கிடைக்குமா என்பதை முதல் ஆஸ்பத்திரியின் அரை மணி நேரம் தீர்மானிக்கும்.

பெரிய தவறு: சர்ஜன் இல்லாத இடத்தில் சி.டி. எடுப்பது. எடுத்த படத்தை வைத்து அங்கே எதுவும் செய்ய முடியாது என்றால் படம் வெறும் தாமதம். ஃபிலிமோ சிடியோ தொலைந்து மேலே போய் மறுபடி எடுப்பதும் வழக்கம். மாற்றுவது என்று முடிவானால் முதல் பத்து நிமிடத்திலேயே போன் போய்விட வேண்டும். சிகிச்சை ஒரு கையில் நடக்கும்போது போன் இன்னொரு கையில்.

அனுப்பும் முன் செய்தே தீர வேண்டியவை: ஜி.சி.எஸ். 8 அல்லது கீழே என்றால் மூச்சுக் குழாய் போட்டு அனுப்புவது. நெஞ்சில் காற்றோ ரத்தமோ இருந்தால் 28 முதல் 32 அளவு நெஞ்சுக் குழாய். வென்டிலேட்டரில் அழுத்தக் காற்று போகும்போது சின்னக் காற்றடைப்பு வழியிலேயே பெரிதாகிவிடும், ஆகவே 'சின்னதுதானே' என்று விடாதீர்கள். குழாயில் போட்டவுடன் 1,500 மில்லி ரத்தம் வந்தால் அது தியேட்டர் கேஸ், அதைப் போனில் சொல்லுங்கள். இடுப்புக் கட்டு, தொடைக்குச் சிம்பு, திறந்த முறிவுக்கு ஒரு மணிக்குள் ஆன்டிபயாட்டிக், டிரானெக்சாமிக் முதல் கிராம். போட்ட நேரத்தைக் கடிதத்தின் மேல் வரியில் எழுதாவிட்டால் மேலே மறுபடி முதல் கிராமிலிருந்து தொடங்குவார்கள்.

செய்யக் கூடாதவை: தலைத் தோல் தவிர மற்ற இடங்களில் நிதானமாகத் தையல், கை கால் எக்ஸ்ரே வரிசை, சலைன் மூன்று நாலு லிட்டர். வெதுவெதுப்பான திரவம் ஒரு லிட்டர் போதும், அதற்கு மேல் ரத்தம்தான். குளிர்ந்த சலைன் உறைதல் காரணிகளை நீர்க்கச் செய்து, உடம்பைக் குளிரவைத்து, அமிலத்தையும் ஏற்றும். ஏ.சி. வண்டியில் ஈரத்துணியோடு படுத்திருப்பவரின் உடல்வெப்பம் 35-க்குக் கீழ் போவது நம் ஊர் வெயிலிலும் நடக்கிறது.

ரத்தம் வடிபவருக்கு அழுத்தம் 80, 90-இல் நிறுத்தி வைப்பது சரி. தலைக்காயம் கூட இருந்தால் அந்தக் கணக்கு மாறும்: 110 வேண்டும். ஒரே ஒருமுறை அழுத்தம் சரிந்தாலும் காயப்பட்ட மூளைக்கு மறுபடி அடிதான். மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் மேனிட்டால், ரத்த அழுத்தம் குறைந்தவருக்கு வேண்டாம், சிறுநீராக இறங்கி இன்னும் சரியும். 3 சதவீத சலைன் 250 மில்லி பாதுகாப்பு.

ஆக்சிஜன் கணக்கை யாரும் போடுவதில்லை. பி டைப் சிலிண்டர் நிரம்பியிருந்தால் ஏறத்தாழ 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 150 நிமிடம். பயணம் 50 நிமிடம் என்றால் இரட்டிப்பாக 100 நிமிடத்துக்கு எடுங்கள், 1,000 லிட்டர். பாதி காலியான சிலிண்டரோடு கிளம்பிய வண்டி ரயில்வே கேட்டில் நிற்கும்போதுதான் மானி சிவப்புக்கு வரும்.

---

எண்ணும் எழுத்தும்

இப்போது கோப்பில் தேடும் பத்திகள்: நிஸ், முதல் அளவுகள், முதல் ஆஸ்பத்திரிக்கு வந்த நேரம், கிளம்பிய நேரம், மாற்றி வந்தவரா நேரே வந்தவரா, 30 நாள் நிலை. வேறு எதையாவது விட்டுவிட்டேனா?

---

பதிவேட்டுக்காரன்

மூன்று விட்டுப்போயிற்று.

மாற்றி வந்தவர்களைத் தனியாக ஓட்டுவதோடு நிற்காதீர்கள். மாற்றும் முன்பே கீழே இறந்தவர்களையும், வழியில் இறந்தவர்களையும் கண்டுபிடித்துச் சேர்க்க வேண்டும். மேலே வந்து சேர்ந்தவர் என்றாலே முதல் இரண்டு மணி நேரத்தைத் தாண்டியவர். அவர்களை மட்டும் எண்ணினால் 'மாற்றுவதால் ஒன்றும் கெடவில்லை' என்று தப்பான விடை வரும்.

இரண்டாவது, கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அழைத்துச் சென்றவர்கள். இனி முடியாது என்று தெரிந்து குடும்பத்தார் வென்டிலேட்டரைக் கழற்றி ஊருக்குக் கொண்டுபோவதை 'உயிருடன் டிஸ்சார்ஜ்' என்று பதிவேடு எழுதும். அவர்களைத் தனிக் குறியீட்டில் வைத்து, இறந்தவராக எண்ணி ஒருமுறை, விலக்கி ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டு விடையும் ஒரே திசையில் இருந்தால் மட்டும் நம்பலாம்.

மூன்றாவது, மூச்சுக் குழாய் போட்டு வந்தவரின் ஜி.சி.எஸ். பேச முடியாது என்பதால் பேச்சுக்கு 1 என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் 10 இருந்தவர் 8 ஆகக் கணக்கில் வருவார், அவர் இறக்கும் வாய்ப்பு கூடுதலாகக் கணிக்கப்படும், அவர் பிழைத்தால் வாங்கிய மருத்துவமனை அற்புதம் செய்தது போலத் தோன்றும். கீழே நன்றாகக் குழாய் போட்டு அனுப்பிய டியூட்டி டாக்டரின் வேலை மேலே உள்ளவரின் மதிப்பெண்ணாகிவிடும். மோட்டார் மதிப்பை மட்டும் எடுத்து ஓட்டினால் இந்தச் சிக்கல் இல்லை. குழாய்க்கு முந்தைய மோட்டார் மதிப்பு கடிதத்தில் இருக்கிறதா பாருங்கள்.

---

தாலுகா டியூட்டி

கடிதத்தில் இருக்கும். நோயாளியோடு வந்த கடிதம் பதிவேட்டில் ஏறுகிறதா என்பதைத்தான் மேலே விசாரிக்க வேண்டும். பல இடங்களில் அது கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் ஸ்டேப்ளர் அடித்தபடியே கிடக்கும்.